ஆமெனைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்

பள்ளிக்கூட வாசலில் என் இடது கால் செருப்பு கழன்று கிடப்பதைப் பின்னால் வந்த இன்னொரு ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"டீச்சர், செருப்பை விட்டுட்டுப் போறீங்க!"

திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். மண் சுட்டிருக்க வேண்டும், கல் குத்தியிருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். முந்தின வாரம் வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்த அசதி என்று நினைத்தேன்.

என் பெயர் வயலெட். கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் தவமணி நூற்பாலையில் ஃபிட்டர். மகள் சென்னையில் இருக்கிறாள். நான் நோயில் விழுந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம், பயணம் கூடாது என்றிருந்தார்கள். நோய் தீர்ந்து வந்த பிறகு எங்கள் சபையில் பலர், "ஆராதனையில் சாட்சி சொல்லுங்க" என்று கேட்டார்கள். சாட்சி என்றால் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன் எழுந்து சொல்வது; முடிவில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்திவிட வேண்டும். எனக்கு நடந்தது அப்படிப் பொருந்தவில்லை. அதனால்தான் மேடை ஏறாமல் எழுதுகிறேன்.

செருப்பு கழன்ற மறுநாள் இரண்டு பாதமும் மரத்துப்போயின. அடுத்த நாள் முழங்கால் வரை. மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், அடிக்கு அடி மண் ஒட்டிக் கால் கனத்துக்கொண்டே போகும். வீட்டுத் தளத்தில் அப்படி நடந்தேன். பக்கத்து டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். அன்று சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கையை ஊன்றினேன், கையும் மடங்கியது. தவமணி என்னைத் தூக்கிக் காரில் வைத்தார்.

திருநெல்வேலி போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கயத்தாறு தாண்டும்போது நான் ஏதோ சொன்னேன். அவர் "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்னது?" என்றார். என் நாக்கு குழறுகிறது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடியும் என்று எண்ணச் சொன்னார். காலையில் எண்ணியதில் பாதிகூட மத்தியானம் வரவில்லை. முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின்சார அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். எங்குமே சரியாக ஓடவில்லை.

நோயின் பெயர் கில்லன் பாரே. டாக்டர் தவமணியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "கரண்டு ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கு. உடம்போட காவல் படை வயித்துல வந்த கிருமியை அடிக்கக் கிளம்புச்சு. இப்ப ஆள் தெரியாம சொந்த நரம்போட உறையையே அடிச்சுக்கிட்டிருக்கு. கால்ல இருந்து மேல ஏறும். நெஞ்சுக்கு வந்தா மூச்சு விட மெஷின் வைப்போம். அப்புறம் நிக்கும். அப்புறம் மெதுவா இறங்கும்."

"எப்ப டாக்டர் இறங்கும்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது."

மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆனாலும் நோய் மேலே ஏறியது. நெஞ்சுக்கு வந்தது. வாய் வழியாகக் குழாய் இறக்கினார்கள்; பிறகு தொண்டையில் துளையிட்டு அங்கே குழாயை மாற்றினார்கள். அத்தோடு குரல் போயிற்று. முகமும் செத்தது. இமை மூடாது, கண் உலராமல் இருக்க மருந்து விட்டு டேப் ஒட்டுவார்கள். கருவிழி மட்டும் அசைந்தது.

மயக்கம் இல்லை. தூக்கமும் இல்லை. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஒரு ஈ என் மூக்கில் வந்து உட்கார்ந்து, பறந்து, திரும்ப வந்து உட்காரும். போர்வை பட்டாலே தோல் எரியும். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக் கிடக்கும், அது என் கைதான், வலிப்பதும் எனக்குத்தான், எடுக்கத்தான் முடியாது. தொண்டைக் குழாயில் சளி கட்டும்போது மூச்சு நின்றுவிடும். யாராவது வந்து உறிஞ்சி எடுக்கும்வரை மேலே இருக்கிற வெள்ளைத் தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தளத்தில் ஒரு பலகை கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதை நேராக்க எழ வேண்டும் போலத் தவிப்பேன். அந்த அறைக்குள் பொழுது விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை. எல்லா நேரமும் ஒரே வெளிச்சம். என்னை யாரோ என் உடம்புக்குள்ளேயே வைத்துச் சுவர் எழுப்பிப் பூசிவிட்டது போல இருந்தது.

என்னைக் குளிப்பாட்டுகிறவர்களில் சிலர் எனக்கு மேலாகவே தங்கள் வீட்டுக் கதையைப் பேசிக்கொள்வார்கள். செல்வி என்று ஒரு நர்ஸ் மட்டும் தொடுவதற்கு முன்னால் சொல்வாள். "யம்மா, வலது பக்கமாத் திருப்பப் போறேன்." "யம்மா, இப்பக் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்." அவ்வளவுதான். ஆனால் அவள் வேலை நேரம் எப்போது வரும் என்று நான் காத்துக் கிடந்தேன்.

தவமணியைப் பார்வையாளர் நேரத்தில் உள்ளே விடுவார்கள். வந்ததும் என் தலையைச் சீவி விடுவார். வகிடு கோணும். மகள் போனில் பேசுவதை என் காதில் வைப்பார். அவள் "அம்மா" என்பாள், பிறகு அழுகை மட்டும் கேட்கும். அவர் போனை எடுத்து, "போதும்மா, அம்மா கேட்டுட்டா" என்பார்.

ஊரில் அவரைத் தாழ்மையான மனுஷன் என்பார்கள். சபைக் கமிட்டியில் குரல் உயர்த்த மாட்டார், முன் வரிசையில் உட்கார மாட்டார். நான் அப்படி இல்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதத்தை எடுத்துப் பேசிச் செய்தி கொடுப்பது பெரும்பாலும் நான்தான். தாழ்மையைப் பற்றியே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். சீஷர்களின் கால்களைக் கழுவ இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்ததைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

ஒருநாள் தவமணியோடு எங்கள் சங்கச் செயலாளர் ரூபி அக்கா வந்தார். அறுபதைத் தாண்டியவர். எப்போதும் மங்கின நிறத்தில் கைத்தறிச் சேலை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ், அப்புறம் ரயில், அப்புறம் ஆட்டோ என்று அவ்வளவு தூரம் எனக்காக வந்திருந்தார். என் நெற்றியில் கை வைத்தார். கை குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. பிறகு கண்ணை மூடி ஜெபித்தார்.

"தகப்பனே, உம்முடைய மகளை இந்தப் படுக்கையில போட்டீரே, ஸ்தோத்திரம். பேசிப் பேசிப் பெருமைப்பட்ட நாவைக் கட்டினீரே, ஸ்தோத்திரம். அவ மேட்டிமையை உடைச்சு, அவளைத் தாழ்த்தினீரே, ஸ்தோத்திரம். முழுசா உடைச்சப்புறம் தூக்கி எடும் ஆண்டவரே."

"ஆமென்" என்றார் ரூபி அக்கா.

"ஆமென்" என்றார் என் கணவர்.

பிறகு என் வகிட்டை விரலால் சரிசெய்துவிட்டு, அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போய்விட்டார்.

அப்படியே ஆகட்டும் என்கிற அந்த ஆமென் என்னோடு அந்த அறையில் கிடந்தது. அதற்கு முன் நான் நோய்க்குள் மட்டும்தான் அடைபட்டிருந்தேன். இப்போது அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளும் அடைபட்டேன். ரூபி அக்கா சொன்னதைத் தாங்கிக்கொள்வேன். இவரும் அப்படித்தான் நினைக்கிறாரா? எத்தனையோ வருஷமாக என் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்டவர், உள்ளுக்குள் இந்த வாய் அடங்க வேண்டும் என்று நினைத்திருந்தாரா? தினமும் வருவார். "தண்ணி தாகமா? வலிக்குதா? லைட்டு கண்ணுல அடிக்குதா?" என்று கேட்பார். ஆம் என்றால் கருவிழியை மேலே தூக்குவேன். நான் கேட்க வேண்டிய கேள்வி அவர் கேட்கும் கேள்விகளில் இல்லவே இல்லை.

அசையாமல் கிடந்து யோசித்தேன். வேறு வேலை என்ன? கால் கழுவக் குனிந்தவர் நிற்கத் தெரிந்தவர். யாரும் அவர் பிடரியைப் பிடித்து அழுத்தவில்லை. தாமாக எழுந்தார், தாமாகக் குனிந்தார். நான் குனியவில்லை, விழுந்து கிடக்கிறேன். விழுந்தவளைப் பார்த்துத் தாழ்மையைக் கற்றுக்கொள்கிறாள் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? என் மூத்திரப் பையை யாரோ தூக்கிப் பார்த்து அளவு எழுதுகிறார்கள். என் துணியை யாரோ விலக்குகிறார்கள். இது தாழ்மை என்றால் எனக்கு வேண்டாம் என்று ஆண்டவரிடம் கோபமாகச் சொன்னேன். அவரிடம் மட்டும்தான் குரல் இல்லாமல் பேச முடிந்தது.

ஒருநாள் தவமணி வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வயலெட், மில்லுக்குள்ள மெஷின் சத்தத்துல பேச்சே கேக்காதுல்லா. நாங்க கையாலயும் உதட்டாலயும்தான் பேசிக்கிடுவோம். உனக்குக் கண்ணு இருக்கு. நான் எழுத்தைச் சொல்லுதேன், நீ வேண்டிய எடத்துல மேல பாரு" என்றார்.

முதலில் "உயிரா?" என்று கேட்பார். மேலே பார்த்தால் அ, ஆ, இ என்று சொல்லிக்கொண்டு வருவார். இல்லையென்றால் க, ங, ச. மெய் கிடைத்ததும் அதற்குப் புள்ளியா, கொம்பா, காலா என்று தனியாகத் தேட வேண்டும். "இங்கிலீசு டீச்சரைக் கட்டியிருந்தா இருவத்தாறு எழுத்தோட முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். நான் படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சரி, சொல்லு. உயிரா?"

மேலே பார்த்தேன்.

"அ... ஆ..." நிறுத்தினேன். "ஆ!"

அடுத்தது மெய். க, ங, ச, ஞ என்று நடந்து ம-வுக்கு வந்தார். பிறகு ம, மா, மி என்று நடந்து மெ-வுக்கு வந்தார். வியர்த்துவிட்டது அவருக்கு. பிறகு புள்ளி வைத்த ன்.

"ஆமென்" என்று சேர்த்துப் படித்தார். சட்டென்று அவர் கண் நிறைந்தது. "சிஸ்டர்! சிஸ்டர், இங்கன வாங்க! மொத வார்த்தை ஆமென்னு சொல்லுதா!"

செல்வி ஓடி வந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிகூட எட்டிப் பார்த்தார். நான் கருவிழியை மேலே தூக்கினேன், இறக்கினேன், தூக்கினேன்.

"இன்னும் சொல்லப் பாக்காங்க சார்" என்றாள் செல்வி.

மறுபடி தொடங்கினார். உயிர். அ, ஆ, இ, ஈ... ஏ. பிறகு ன்.

"ஆமென்... ஏன்."

வாய்விட்டுப் படித்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எனக்கு முகம் அசையாது. கோபமும் காட்ட முடியாது, அழவும் முடியாது. அவராகவே புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டார். செல்வி மெதுவாக விலகிப் போனாள்.

"ரூபி அக்கா ஜெபத்துக்கா?"

மேலே பார்த்தேன்.

முக்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். "பயம் வயலெட்" என்றார். "அவிய சொன்னது எனக்கும் குத்துச்சு. ஆமென் சொல்லாம இருந்தா ஜெபம் பலிக்காமப் போயிருமோ, நீ செத்துருவியோன்னு பயம். அதான் சொன்னேன். நீ பேசாம இருக்கணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. வீட்ல போய்த் தனியா உக்காந்திருக்கேன், ஒரு சத்தமும் இல்ல. எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

பிறகு, "எல்லாரும் என்னைத் தாழ்மைங்காங்க. பாதி நேரம் அது பயந்தான்" என்றார்.

அன்று அவர் போன பிறகு முதல் முறையாகக் கொஞ்சம் தூங்கினேன்.

சில வாரங்கள் கழித்து என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். தொண்டைக் குழாய் இருந்தது, ஆனால் பகலில் கொஞ்ச நேரம் மெஷின் இல்லாமல் மூச்சு விட்டேன். புருவம் அசையத் தொடங்கியிருந்தது. ரூபி அக்கா திரும்ப வந்தார், இந்த முறை சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. கடலை மிட்டாயும் பழமும் மேசைமேல் வைத்துவிட்டு, "ஜெபிப்போமா?" என்று கண்ணை மூடினார்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார் தவமணி. சுவரோரமாக நின்றிருந்தார். "ஜெபத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் சொன்ன ஆமெனைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"எதை எடுக்குதீங்க தம்பி?"

"ஆமெனை."

"அது என்ன கடையில வாங்குன சாமானா, திருப்பி எடுக்க?"

"எடுக்க முடியுமோ என்னமோ. நான் எடுத்துக்கிட்டேன்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இவளுக்கு நோய் வந்திருக்கு அக்கா. ஆண்டவர் இவளை ஒடைச்சுப் போட்டார்னு நான் நம்பல. நம்பாமலே ஆமென் சொல்லிட்டேன், அது என் தப்பு. உங்க ஜெபம் எங்களுக்கு வேணும். ஆனா ஒடைச்சார், தாழ்த்தினார்னு இனி சொல்லாதீங்க. சொன்னா நான் வெளிய போயிருவேன்."

ஒருவரை எதிர்த்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கூட வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபி அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு ஜெபிக்காமலே போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படி இருக்கவில்லை.

டாக்டர் சொன்னதுபோல நோய் ஏறிய வழியே மெதுவாக இறங்கியது. முகம், தோள், கை. குழாயை எடுத்துத் துளையை மூடிய அன்று பேசிப் பார்க்கச் சொன்னார்கள். கரகரவென்று ஏதோ வந்தது. தவமணி அதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். பேத்தி பிறந்த செய்தியைப் போனில் கேட்டபோது "சரி" என்று ஒரு சொல் சொல்ல முடிந்தது. உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் என்னை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தியபோது என் உயரம் எனக்கே மறந்துபோயிருந்தது. சக்கர நாற்காலியோடுதான் கோவில்பட்டி வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அடைபட்டுதான் இருந்தேன். வாசல்படி ஒன்றுதான், அதைத் தாண்ட ஆள் வேண்டும். தவமணி மில்லுக்குப் போனால் ஜன்னல்தான். அப்படி ஒரு மத்தியானம் ரூபி அக்கா தனியாக வந்தார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஜெபிக்க வரல வயலெட்" என்றார். "கேக்க வந்தேன்."

"கேளுங்கக்கா."

"என் மூத்தவன் நாலுவழிச் சாலையில பைக்குல போனவன் திரும்பி வரலங்கிறது உனக்குத் தெரியும்லா. அடக்கத்தன்னைக்கு ஒரு ஊழியக்காரர் வந்து ஜெபம் பண்ணினாரு. 'இந்தத் தாய் பிள்ளையைப் பத்திப் பெருமை பேசினா, அந்த மேட்டிமையை உடைச்சீரே, ஸ்தோத்திரம்'னாரு. நானும் பேசத்தான் செஞ்சேன். எம் பிள்ளை எம் பிள்ளைன்னு தெருவெல்லாம் பேசினேன். சவப்பெட்டியை இன்னும் மூடல, அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஆமென் சொன்னேன்."

அக்கா கழுத்துக் கறுப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"அன்னையில இருந்து நகை போடல, நல்ல சேலை உடுத்தல. ரூபி எவ்வளவு தாழ்மைன்னு சபையில சொல்லுதாங்க. தாழ்மை இல்லட்டி. சின்னவன் ஒருத்தன் இருக்கானே, நான் நிமிந்தா அவனையும் எடுத்துருவாரோங்கிற பயம். ஒனக்கும் அதே ஜெபத்தைத்தான் பண்ணினேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "ஒங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னதுல இருந்து தூக்கமில்ல. ஒன்னைய ஆண்டவர் உடைக்கலன்னா, எம் பிள்ளையையும் அதுக்காக எடுக்கலதானே? அப்போ அவன் எதுக்குப் போனான்? நீ எவ்வளவு செய்தி குடுத்திருக்க. சொல்லு."

என்னிடம் பதில்கள் உண்டு. சங்கத்தில் துக்க வீடுகளுக்குப் போய்ச் சொல்லுகிற சொற்கள், வசனங்கள், உதாரணங்கள். எல்லாம் வரிசையாக நாக்கு வரை வந்து நின்றன. எதையும் அந்த முகத்துக்கு முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் விரல்கள் பாதிதான் மடங்கும். அந்தப் பாதியால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவர் அழவில்லை.

பிறகு தாழ்ந்த குரலில், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல, "எம் பிள்ளை கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவன்" என்றார். சொல்லிவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"அப்படியாக்கா?" என்றேன்.

"ஆமாட்டி" என்றார், கொஞ்சம் சத்தமாக. "பள்ளிக்கூடத்துலயே அவன் ஒருத்தன்தான்."